பெயர் எழுத வேண்டியதில்லை

என் சித்தப்பா நிர்வாகவியல் படித்த வருடங்களில் எங்கள் பனியன் கம்பெனியில் யாருக்கும் நிம்மதி இல்லை. கல்லூரியில் ஒரு பாடம் முடிந்தால் மறுநாள் காலை அது எங்கள் கம்பெனிக்கு வந்துவிடும். திட்டமிடல் பாடத்துக்குச் சுவர் முழுக்கச் சார்ட் ஒட்டினார். கட்டுப்பாடு பாடத்துக்கு, கழிப்பறைக்குப் போகிறவர்கள் நேரம் குறிக்க ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். இரண்டாம் நாள் கயிறு மட்டும் இருந்தது. சந்தைப்படுத்தல் பாடம் வந்ததும் பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்கையும் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குச் சர்வே எடுக்கப் போனார். பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்களிடம் உள்ளே என்ன பனியன் போட்டிருக்கிறீர்கள், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது ஆள் சட்டையைப் பிடித்துவிட்டார்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் நாலு மிஷின் போட்டாலே கம்பெனிதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான ஷெட், அதில் பதினான்கு தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், கடைசியில் துணி அடுக்கும் அறை. அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்பி புத்தகம் வைத்துக்கொண்டு பேசுவதில் அவருக்குப் பெருமை. அதனால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு அனுபவத்துக்குப் பிறகு சித்தப்பா வெளியே இருக்கும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு உள்ளே திரும்பினார். கம்பெனியில் வேலை செய்கிறவர்களும் ஒருவகையில் வாடிக்கையாளர்கள்தானாம். அவர்கள் மனதில் இருப்பது மேலே வர வேண்டுமாம். அதற்காக ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் நீளமாக ஓட்டை போட்டு, பூட்டு மாட்டி, டீ வைக்கும் ஸ்டூலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். ‘ஆலோசனைப் பெட்டி. பெயர் எழுத வேண்டியதில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார். சாவியை நடுநிலையான ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்புவதற்கு முன் நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று சீட்டுகளைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அப்பா அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இது ஏற்பாடு.

முதல் வாரம் பெட்டியில் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தது. இரண்டாம் வாரம் ‘டீ தண்ணியாக இருக்கிறது’ என்று ஒரு சீட்டு. அதை வாசித்தேன். அப்பா முகம் சிவந்தாலும் திங்கட்கிழமையிலிருந்து டீ கெட்டியாக வந்தது. அதன் பிறகு சீட்டுகள் விழத் தொடங்கின. எழுத யாரிடமும் தனித் தாள் இல்லை. பண்டல் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டார்கள்.

பண்டல் சீட்டு எங்கள் கம்பெனியில் எங்கு பார்த்தாலும் கிடக்கும். வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி அதன் மேல் செருகும் சின்ன அட்டை அது. கட்டு நம்பர், அளவு, எந்த மிஷினுக்குப் போக வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கும். துணி வெட்டும் மாஸ்டர் தன் கையாலேயே எழுதுவார். தைத்து முடித்ததும் வேண்டாத சீட்டுகளைத் தைக்கும் அக்காமார் எனக்குத் தருவார்கள். நான் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து வைத்திருந்தேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிங் மாஸ்டர் என்றால் கம்பெனிக்குக் கண் மாதிரி என்பார் அப்பா. ஒரு அங்குலம் வீணாக்காமல் வெட்டுவார். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நம் கதி அதோகதி என்று அம்மாவிடம் அப்பா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவரைக் கண்டாலே பயம். காரணம் கரண்ட் கட்.

அந்த வருடங்களில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகும். வெள்ளைத் துணியில் ரோட்டுத் தூசு படியும் என்று ஷெட்டின் ஜன்னல்களையெல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. உடனே வந்துவிடலாம் என்று அப்பா பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் ஜெனரேட்டரைப் போடுவார். மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்ததும் எழும் அமைதி எனக்கு இருட்டைவிடப் பயமாக இருக்கும். அந்த அமைதியில் என் காதுக்குப் பின்னால் ‘சரக்... சரக்...’ என்று ஒரு சத்தம் கேட்கும். மாஸ்டர் பூனை மாதிரி வந்து பெரிய கத்தரிக்கோலைத் திறந்து மூடுவார். நான் அலறுவேன். கரண்ட் வந்ததும் அவர் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அப்பாவும் சிரிப்பார். அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று அழாமல் நிற்பேன். நாளடைவில் கரண்ட் போன நொடியே வாசலைப் பார்த்து ஓடக் கற்றுக்கொண்டேன்.

நான்காவது சனிக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தபோது ஐந்து சீட்டுகள் இருந்தன. ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘கரண்ட் போனால் மாஸ்டர் பக்கத்தில் வருகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.’

பெரியவர்களும் பயப்படுவார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சீட்டைத் திருப்பினேன். ஏழாம் நம்பர் மிஷின். துணி அறைக் கதவை ஒட்டி, வரிசையில் கடைசியாக இருப்பது. அதில் தைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்று அம்மாவோடு வந்து பக்கத்துத் தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார். எனக்கு அதிகமாகச் சீட்டு தருபவரும் அவர்தான். பாவம், இவர் காதிலும் கத்தரிக்கோலை ஆட்டுகிறாரா என்று நினைத்தேன்.

ஆனால் அதை வாசிக்க என்னால் முடியாது. மாஸ்டர் எதிரிலேயே நிற்பார். வாசித்துவிட்டால் திங்கட்கிழமை கரண்ட் போகாமலா இருக்கும்? அந்தச் சீட்டைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற நான்கையும் சாயங்காலம் வாசித்தேன். ஃபேன் வேண்டும், ரேடியோவில் பாட்டை மாற்ற வேண்டும், இப்படி ஏதேதோ. எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாம் நம்பர் அக்கா தூணோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டை நான் மடித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“எல்லாச் சீட்டையும் வாசிச்சிட்டியா பாப்பா? ஒண்ணுகூட விடலியே?”

“இல்லீங்க்கா” என்றேன். இடுப்பில் அட்டை குத்தியது.

அடுத்த வாரம் மறுபடியும் ஏழாம் நம்பர் சீட்டு. ‘போன வாரம் எழுதியதை வாசிக்கவில்லை. முதலாளியிடம் சொல்லவும்.’ அவ்வளவுதான் இருந்தது. நான் மறைத்தது ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிக்கு வந்த சீட்டை மறைப்பது நிர்வாகத்தில் பெரிய குற்றம் என்று சித்தப்பா முதல் நாளே மிரட்டியிருந்தார். அந்த அக்கா அப்பாவிடம் போய் நேரே கேட்டுவிட்டால்? சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள், தோலை உரித்துவிடுவார்கள் என்றெல்லாம் தோன்றியது. அதையும் வாசிக்காமல் இடுப்பில் செருகினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வழி சித்தப்பாவின் நோட்டில்தான் கிடைத்தது. கட்டிலில் கிடந்ததைப் புரட்டியபோது, பணியிடத்தில் ஒரு பிரச்சினை வந்தால் சம்பந்தப்பட்டவரிடமே நேரில் பேசித் தீர்ப்பது சிறந்த முறை என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. தேர்வில் வரும் என்று பக்கத்தில் நட்சத்திரம் வேறு. இப்போது நானும் ஒரு கல்லூரியில் இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். இந்த விடையை எழுதும் மாணவர்களுக்கு முழு மதிப்பெண் போட எனக்குக் கை வருவதில்லை. ஆனால் அன்று அது எனக்கு வேதவாக்காக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கட்டிங் டேபிளுக்குப் போனேன். மாஸ்டர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“மாஸ்டருங்க, இருட்டுல ஆரையும் பயங்காட்டாதீங்க. பெரியவங்களும் பயப்படறாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “ஆரு சாமி பயப்படறாங்க?”

“பெட்டியில சீட்டு வந்துச்சுங்க.”

சாக்பீஸ் நின்றது. “அப்படியா? எங்க, குடு பார்க்கலாம்.”

பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சீட்டுகளை மட்டும் கொடுத்தேன். அவர் பென்சில் எழுத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு திருப்பினார். அந்தப் பக்கத்தில் இருந்தது அவருடைய சொந்தக் கையெழுத்து. அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நம்பர் இருப்பது எனக்குத் தெரியாதா என்று பிற்பாடு எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் என் பயத்தை மட்டும்தான் யோசித்தேன்.

இரண்டு சீட்டுகளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “செரி கண்ணு, இனிமே பயங்காட்டலை. இந்தச் சமாச்சாரம் உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கோணும், செரியா?” என்று சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதன் பிறகு என் காதருகே கத்தரிக்கோல் சத்தம் கேட்கவே இல்லை. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாடப்புத்தகம் எவ்வளவு நல்லது என்று சித்தப்பா மேல் மரியாதைகூட வந்தது.

அந்த வாரம் முழுக்க ஏழாம் நம்பர் மிஷினிலிருந்து பீஸ்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. தையல் கோணல், அளவு தப்பு என்று மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பாவிடம் காட்டினார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை அப்பா அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். “நல்லா தைக்கிற புள்ளதானுங்ணா அது?” என்று சித்தப்பா இழுத்தார். “மாஸ்டர் சொன்னா செரியாத்தான் இருக்கும் தம்பி. அவரப் பகைச்சுட்டு நாம கம்பெனி நடத்த முடியுமா?” என்றார் அப்பா.

அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட் வரை போனவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

“பாப்பா, அந்தச் சீட்ட யார்ட்ட குடுத்த?”

“மாஸ்டர்கிட்டத்தானுங்க்கா. இனிமே பயங்காட்ட மாட்டேன்னு சொல்லிட்டாருங்க” என்றேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற சந்தோஷம் எனக்கு.

அவர் என்னைத் திட்டவில்லை. “சரி பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். ஒரு சீட்டுகூட இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பெட்டி வைத்த எட்டே வாரங்களில் தொழிலாளர்களின் குறைகள் முற்றிலும் தீர்ந்தன என்று சித்தப்பா தன் புராஜெக்டில் எழுதினார். அதற்குக் கல்லூரியில் பாராட்டும் கிடைத்தது. அப்பா எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

முழுப் பரீட்சை லீவு விட்ட முதல் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பழக்க தோஷத்தில் வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே கூட்டமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வெளியே வந்தார்கள். ஏழாம் மிஷினுக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணை நடுவில் விட்டுக் கூட்டிவந்தார்கள். அப்பா ஜெனரேட்டரைப் போடும் வரை மொட்டை வெயிலில் நெருக்கமாக நின்றார்கள்.

“எதுக்குங்க்கா எல்லாரும் வெளிய வந்துட்டீங்க?” என்று, தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன்.

“காத்தாட நிக்கறோம் கண்ணு” என்றார்.

காற்றே இல்லை. இருந்தாலும் அவர்களுக்கு நடுவில் புகுந்து நானும் நின்றேன். இத்தனை பேரும் என்னைப் போலவே இருட்டுக்குப் பயந்தவர்கள் என்று நினைக்கத் தைரியமாக இருந்தது. ஏழாம் நம்பர் அக்கா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அவரும் இங்கே வந்து நின்றிருக்கலாமே, அதற்குள் எதற்கு அவசரப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்று எனக்கு அவர் மேல் சின்னக் கோபம்கூட வந்தது.