கிரேக்க அக்காவின் தோல்பை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டு வாசலில் 'கிரேக்கப் பண்பாட்டு அருங்காட்சியகம், ஞாயிறு மட்டும்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பல மாதங்கள் அதைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். உள்ளே போகத் தோன்றியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஓடிப்போய் ஒதுங்கியது அந்த வாசலில்.

கதவைத் திறந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். மனதுக்குள் நான் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவர், "இன்னா அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, பிரியாணி நனையுது" என்றார்.

"மேடம், டிக்கெட்டு..."

"டிக்கெட்லாம் கிடையாது. நான் போடுற காபிய குடிக்கணும். மேடமும் வேணாம், அக்கான்னு கூப்பிடு."

காபி குடிக்கும்போதே கதை வந்தது. அவருடைய ஊர் கிரேக்கத்தில் ஒரு சின்னத் தீவு. தோல் வியாபாரத்துக்காக அந்நாட்டுக்குப் போன ஆம்பூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம், சொந்தக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பழம்பொருள்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார். கடைசியில் கணவர், "வீட்ல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவரே மேல்மாடியைக் காலி செய்து கொடுத்தாராம். அப்படிப் பிறந்ததுதான் இந்த மியூசியம்.

மாடியில் இரண்டு அறைகள். பூவேலை செய்த தலையணை உறைகள், நீளக் கைப்பிடி வைத்த செம்புக் காபிச் சட்டிகள், ரிப்பனால் இணைத்த இரண்டு பூவளையங்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை தலையிலும் பெண் தலையிலும் வைப்பார்களாம்.

"நாம மாலை மாத்துற மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதேதான். உங்களுக்குக் கழுத்து, எங்களுக்குத் தலை" என்றார் அக்கா.

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பழுப்பேறிச் சுருங்கிய ஒரு தோல்பை, அதில் மாட்டுக்கொம்பு பொருத்திய இரட்டைக் குழல். என் வீட்டுக்காரர் இருபது வருடமாகத் தோல் பதனிடும் 'தோல் ஷாப்'பில் வேலை செய்கிறவர். கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தார்.

"ஆட்டுத் தோலு. காஞ்சி வெடிச்சிருக்கு."

"உங்க ஊரு வெயில் அப்படி" என்றார் அக்கா. "காத்து ஊதி, அமுக்கி வாசிக்கிற பை. எங்க அப்பா வாசிச்சது. என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசிச்சார். பை கிழிஞ்சதுலேர்ந்து சத்தம் இல்ல. சும்மா உக்காந்திருக்குது."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் தச்சுத் தர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். ஷூவின் மேல்தோல் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசர் நான். ஒரு பை தைக்க முடியாதா?

செய்தித்தாளில் அளவெடுத்தேன். மெல்லிய ஆட்டுத்தோலில் இரட்டைத் தையல் போட்டேன். ஓரமெல்லாம் ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவினேன். அடுத்த ஞாயிறு பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா குழலைக் கட்டி, கன்னம் உப்ப ஊதினார். புஸ்ஸென்றது. ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் காற்று போனது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"தையல் ரொம்ப அழகு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா தையலே இருக்கக் கூடாது. முழு ஆடு வேணும்."

"இது உன் டிபார்ட்மென்ட் இல்ல" என்று என் வீட்டுக்காரர் பையை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கறிக்கடை பாயிடம் போய், வயிற்றைக் கிழிக்காமல் முழுத் தோலாக வேண்டும் என்றார். "பேஜாரா போச்சே உன்னோட" என்றார் பாய். இருந்தாலும் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல் உரித்துக் கொடுத்தார். அதன்பிறகு எங்கள் மொட்டை மாடி ஒரு தோல் ஷாப் ஆனது. உப்பும் படிகாரமும் போட்டு ஊறவைத்தார். என் நல்ல கத்தரிக்கோலை எடுத்து முடியை ஒட்ட வெட்டினார். முடி உள்ளே போகும்படி தோலைத் திருப்பினார். ஊதும்போது உள்ளே சேரும் ஈரத்தை அந்த முடி பிடித்துக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருந்தார். இரண்டு வாரம் வீடு முழுக்க ஆட்டு வாடை.

"வேலைக்குப் போய்ட்டு வந்தாத்தான் நாறுவ. இப்ப லீவு நாள்லயுமா?" என்றேன்.

"ஒரு பாட்டு வரட்டும், பேசு" என்றார்.

பை தயாரான ஞாயிறு, தன் ஆட்டுத்தோல் என்ன ஆனதென்று பார்க்கக் கறிக்கடை பாயும் எங்களோடு மியூசியத்துக்கு வந்தார். அக்கா தோலின் ஒரு முன்னங்காலில் ஊதுகுழாயையும் மற்றதில் இரட்டைக் குழலையும் வைத்துக் கட்டினார். கழுத்தையும் பின்பக்கத்தையும் என் வீட்டுக்காரர் இறுக்கிக் கட்டினார். பையில் காற்றை நிரப்பி, குழல்களின் வாயை அடைத்துக்கொண்டு பக்கெட் தண்ணீரில் அமுக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. அக்கா அதைக் கக்கத்தில் இடுக்கி, முழங்கையால் அழுத்தினார்.

வந்தது சத்தம்! நாதஸ்வரம் போல இருந்தது, ஆனால் இன்னும் கரகரப்பு, இன்னும் குறும்பு. அக்கா பாதியில் நிறுத்தி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

கீழே தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் லுங்கியோடு படியேறி வந்தார். எழுபது வயது மனிதர். வாசலிலேயே நின்று கேட்டார்.

"நம்ம கல்யாணப் பாட்டு" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு நுனியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். இன்னொரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி என்று ஆடினார். முட்டிவலி என்று அக்கா சொல்லியிருந்த மனிதர்தான். நானும் கைகோத்துக்கொண்டேன். என் கால் எனக்கே தடுக்கியது. செம்புச் சட்டிகள் கிணுகிணுவென்று அதிர்ந்தன. மியூசியம் பார்க்க வந்த ஒரு குடும்பம் இன்னதென்று புரியாமல் படியிலேயே நின்றது. பாய் அவர்களையும் இழுத்துக்கொண்டார்.

ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது, என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "அக்கா, நான் ஒரு தபா ஊதட்டுமா?" என்றார். கொடுத்தார். இவர் வாங்கி முகம் சிவக்க ஊதினார். ஆடு கத்துவது போலவே ஒரு சத்தம் வந்தது.

"உயிரு வந்துருச்சு!" என்று கத்தினார் பாய்.