தொட்டிக் குழிக்குள்ள கெடந்த பானை

பட்டாசுக் கம்பெனியில மணிமருந்து காயப்போடுற வேலை பல வருசம் பார்த்தவ நான். பேன்ஸி வெடி வானத்துல பூப்பூவா விரியுதே, அதுக்கு உள்ள வைக்கிற கறுப்பு உருண்டைதான் மணிமருந்து. காஞ்சுருச்சுன்னா லேசா உரசுனாலே போதும், ரூமே இருக்காது. இரும்பை உள்ள கொண்டுபோக விடமாட்டாக. கீழ சிந்துனா கூட்டி அள்ளக்கூடாது, முதல்ல வாளித் தண்ணிய ஊத்தி நனைக்கணும். வேலைய விட்டு நாளாகியும் அந்தப் பயம் மட்டும் விடலை. வீட்டுல குக்கர் விசில் அடிச்சாக்கூட வாசலுக்கு ஓடுவேன். எங்க வீட்டுக்காரரு பார்த்துட்டுச் சிரிப்பாக. இத்தனைக்கும் அவுகளும் அதே கம்பெனிக்கு லோடு ஏத்துனவுகதான்.

போன வருசம், ஆனைக்குட்டம் பக்கம் எங்க கரிசக்காட்டுல தண்ணித் தொட்டி கட்டணும்னு அவுக குழி தோண்டுனாக. இடுப்பளவு இறங்கியிருக்கும். நான் பக்கத்துல மோட்டார்த் தண்ணியில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். கடப்பாரை ணங்குன்னு எதுலயோ பட்டுச்சு. எட்டிப் பார்த்தா செவப்பு மண்பானை. ஆளே உள்ள உக்காரலாம், அம்புட்டுப் பெருசு. மேல மூடியிருந்த தட்டு ஒடைஞ்சு கெடக்கு. உள்ள சாம்பக் கலர்ல பொடி. பொடிக்குள்ள கறுகறுன்னு குட்டிக் குட்டி உருண்டை.

சீசன்ல மிஞ்சின மணிமருந்தை எந்த நாசமாப் போறவனோ எங்க நெலத்துல பொதைச்சுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். கடப்பாரை முனை பானைக்குள்ள சொருகி நிக்குது. அவுக அதைப் பிடிச்சபடி நிக்கிறாக.

"ஏங்க, வெளிய வாங்க! ஐயோ, கடப்பாரைய அசைச்சுராதீக!" என்ன சொல்றேன்னு எனக்கே தெரியலை.

அவுக வரலை. "நீ போ புள்ள, ரோட்டுப் பக்கம் போ"ன்னு எரிஞ்சு விழுந்தாக. வழக்கம்போல என்னையக் கிறுக்கின்னு நெனைக்கிறாகன்னு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. போறதாவது! வாளி வாளியா மோந்து பானைக்குள்ள ஊத்துனேன். அழுதுக்கிட்டே ஊத்துனேன். பொடி சேறாகி, அவுக வேட்டியெல்லாம் நனைஞ்ச பெறகுதான் கையப் பிடிச்சு மேல இழுத்தேன். கடப்பாரைய அங்கனயே விட்டுட்டோம்.

சேதி பரவி ஊரே கூடிருச்சு. மறுநாள் தொல்லியல் படிச்ச பொண்ணு ஒருத்தி வந்தா. குழிக்குள்ள இறங்கி, பிரஷ்ஷை வச்சுத் தடவித் தடவிப் பார்த்தா. "அம்மா, இது முதுமக்கள் தாழி. செத்தவங்களைப் பொதைக்கிற பானை. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்"னா. பானைக் கழுத்துல மீன் மாதிரி ஒரு கீறல். அதைக் காட்டுறப்போ அவ கண்ணு அப்படி மின்னுச்சு. அந்த உருண்டையெல்லாம் செத்தவுகளுக்குக் குடுத்துவிட்ட தானியமாம், கருகிப்போன சாமையோ தினையோ.

பெறகு உள்ள கைய விட்டுப் பார்த்தவ மொகம் வாடிப்போச்சு. "எலும்பெல்லாம் கூழாயிருச்சு. எது மேல இருந்துச்சு, எது அடியில இருந்துச்சுன்னு இனிமே சொல்லவே முடியாது. எதுக்கும்மா தண்ணி ஊத்துனீங்க?"

நான் விசயத்தைச் சொன்னதும் ஊரே கொல்லுன்னு சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை. யாரு பெத்த புள்ளையோ, அம்புட்டு வருசமா நிம்மதியாக் கெடந்ததை ஒரே நாள்ல கரைச்சு விட்டுட்டேனேன்னு என் மேலயே கோவமா வந்துச்சு.

அந்தக் கோவத்தையெல்லாம் வீட்டுல அவுக மேல காட்டுனேன். "குழிக்குள்ள நின்னது நீங்கதான? இது வெறும் பானை புள்ளன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாயில இருக்குற முத்தா உதிர்ந்துரும்?"

அவுக தரையப் பார்த்துக்கிட்டே சொன்னாக: "நானும் மணிமருந்துன்னுதான் நெனச்சேன். கடப்பாரைய உருவுனா உரசுமேன்னு பிடிச்சுக்கிட்டே நின்னேன். நீ ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பெறகு உருவிப் பார்ப்போம்னு இருந்தேன். நீ எங்க போன?"