சர்வர் தானாக எழுந்த ஞாயிற்றுக்கிழமை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. கரண்ட் போய் வந்தால் சர்வர் ஓடத் தொடங்கிவிடும். ரிசல்ட் தரும் மென்பொருளை மட்டும் யாராவது தட்டி எழுப்ப வேண்டும். உடனே அவளுக்குப் போன் வரும். "நான் என்ன அதுக்கு ஆயாவா?" என்று கத்திக்கொண்டே ஓடுவாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடாத குடும்ப விசேஷமே இல்லை.

வெள்ளிக்கிழமை அதற்கு முடிவு கட்டினாள். சர்வர் எழுந்ததும் முதலில் டேட்டாபேஸ், அதன் பின்னால் மென்பொருள், இரண்டும் தானாகவே கிளம்பும்படி, சர்வரை இயக்கும் லினக்ஸில் எழுதிவைத்தாள். மேனேஜர் பதறப் பதற பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தும் காட்டினாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் விருந்து. பெரிய மாமனார் தன் மூட்டு ஆபரேஷன் கதையை மறுபடியும் ஆரம்பித்தார். மயக்க ஊசி போடும் இடத்தில், பரிசோதனைக் கூடம் உட்பட அந்த வட்டாரத்துக்கே கரண்ட் போய் வந்தது. அவள் ஆசையாகப் போனைப் பார்த்தாள். அது வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷமும் தன்னைக் காப்பாற்றி வந்தது எது என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்துக் காதில் வைத்தாள். "என்னது, சர்வர் எழுந்திருக்கலையா? இதோ வர்றேன்!"

"தனியா எப்படிப் போவே?" என்று புருஷனும் எழுந்தான்.

வாசலில் மெதுவாகக் கேட்டான்: "தானா எழுந்துக்கும்னு சொன்னியே?"

"வாய மூடிட்டு வண்டிய எடுங்க" என்று திரும்பினாள்.

வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.