பிந்தி வந்த அலைகள்

மல்லசமுத்திரத்து அறிவுச்செல்வி கடலை முதன்முதலில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். அப்பா வெங்கடாசலத்துக்குப் போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலை. மகள் ஏதாவது கம்பெனிக்குப் போவாள் என்றுதான் நினைத்திருந்தார். அவளோ நிலநடுக்கங்களைப் படிக்கப் போனாள். முப்பது வயதில் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்தாள்.

அங்கே கடலடியில் நீண்ட மலைத்தொடர் ஒன்று ஓடுகிறது. அதன் அடியில் பாறை எங்கே உருகிக் குழம்பாகக் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. துளைபோட்டுப் பார்க்கிற ஆழமில்லை. ஆனால் எங்கோ நிலம் நடுங்கினால் அதன் அலைகள் பூமிக்குள் ஓடிவரும். உருகிய பாறை கலந்த இடத்தில் வேகம் குறையும். அதைப் பிடிக்க, முந்தைய ஆண்டே மலைத்தொடரின் இருபுறமும் கடல்தரையில் கருவிகளை இறக்கியிருந்தார்கள். இப்போது அவற்றை மேலே எடுத்தாயிற்று.

மேற்குப்புறக் கருவி ஒன்றில், கிழக்கே சுமத்ரா பக்கமிருந்து வந்த அலை கணக்கிட்ட நேரத்துக்குப் பிந்திப் பதிவாகியிருந்தது. குழுத் தலைவர் சந்திரசேகர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“கருவியோட கடிகாரம் கெட்டிருக்கும்மா. இதை ஒதுக்கிடலாம்.”

“கடிகாரம் கெட்டிருந்தா எல்லா அலையுமே லேட்டாத்தானுங்க சார் காட்டணும்,” என்றாள் அறிவுச்செல்வி. “மேற்கேயிருந்து வந்ததையும் பாத்துட்டு ஒதுக்கலாமுங்க.”

அவர் சரியென்று தலையசைத்தார்.

ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வந்த அலை, மலைத்தொடரைக் கடக்காமலே அந்தக் கருவியை அடைந்திருந்தது. நேரம் சரியாக இருந்தது. அதோடு அவள் விடவில்லை. கிழக்குப்புறக் கருவியின் பதிவைத் திறந்தாள். அதில் எல்லாம் தலைகீழ்: சுமத்ரா அலை சரி, ஆப்பிரிக்க அலை தாமதம். மலைத்தொடரின் அடியில் புகுந்து வந்த அலை எதுவோ, அதுதான் பிந்தியிருந்தது. அவளுக்கு இனிச் சந்தேகம் இல்லை.

சந்திரசேகர் இரண்டு பதிவுகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் அவசரப்பட்டுட்டேன். கட்டுரையை நீயே எழுதும்மா. உன் பேர்தான் முதல்ல வரணும்.”

ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார்: “அந்தக் கொழம்பக் கண்ணுல பாத்தியா சாமி?”

“இல்லீங்கப்பா. அலை லேட்டா வந்தத வச்சுத்தான் சொல்றோமுங்க.”

“நாங்க எத்தன அடி எறக்குனாலும் தண்ணி வருமான்னு அடிச்சுச் சொல்ல மாட்டோம். நீ பாக்காமயே இருக்குதுங்கற.”

“இருக்குதுங்கப்பா.”

அம்மா வசந்தாமணிக்கு வேறு கவலை. “மறுக்காவும் கப்பலுக்குப் போவோணுமா?”

“போவோணுமுங்கம்மா. தெக்க இன்னும் நெறைய எடம் பாக்கல.”

அடுத்த பயணத்தில் எந்தக் கருவியை எங்கே இறக்குவது என்று முடிவு செய்தவள் அறிவுச்செல்விதான்.