பைலட் கேட்கும் கேள்வி

விமானம் ஓட்டுகிறவர்களை எங்கள் டெர்மினலில் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். பைலட் என்று சொன்னால் அது ஒரே ஆள். சக்கர நாற்காலி தள்ளுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், சட்டையின் இஸ்திரி சாயங்காலம் வரை கலையாது. இத்தனை வருஷம் விமானத்தின் வாசல் வரை ஆட்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறாரே தவிர, ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்து பறந்ததில்லை.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய அறிவிப்புகள். வண்டியைத் தள்ளும்போது வாய் சும்மா இருக்காது. இடது பக்கம் திரும்பப் போகிறோம், முன்னால் ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது, லேசாகத் தூக்கிப் போடும், பயப்படாதீர்கள் என்று வருவதையெல்லாம் வரும் முன்னே சொல்லிவிடுவார். குரல் அவ்வளவு இதமாக இருக்கும். இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டவள் கொடுத்து வைத்தவள் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

நான் அங்கே தண்ணீரும் காபியும் பிஸ்கட்டும் விற்கிறேன். விலையை வைத்தது நானில்லை, ஆனால் திட்டெல்லாம் எனக்குத்தான். போகட்டும். டெர்மினல் மலிவு டிக்கெட் விமானங்களுக்கென்றே கட்டியது, எல்லாவற்றிலும் கை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். பாதிப் பேருக்குத்தான் நாற்காலி, அதுவும் இரும்பு. விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும் பாலமெல்லாம் பக்கத்துப் பெரிய டெர்மினலில். இங்கே வெயிலில் நடந்துபோய்ப் படி ஏற வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பும் கிடையாது. எந்த வாசல், எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் திரையில் ஓடும். பெட்டிக்குத் தனிக் காசு என்பதால் மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய வருகிறவர்களும் உண்டு. இலவசமாகக் கிடைப்பது சக்கர நாற்காலி ஒன்றுதான்.

இலவசம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் ஏறலாம் என்று தெரிந்ததும் நல்ல காலோடு இருப்பவர்களும் கால் வலி என்று வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஏறுகிறபோது ஒரு அடி எடுத்து வைக்க முடியாதவர்கள், இறங்கிய இடத்தில் பெட்டி எடுக்க முதல் ஆளாக ஓடுவதை அங்குள்ள நாற்காலிக்காரர்கள் இவருக்குப் போனில் சொல்வார்கள். பைலட் அவர்களுக்கு வைத்த பெயர் 'நாடகக் கோஷ்டி'. இன்றைக்குக் கோஷ்டியில் யார் யார், யார் என்ன வேஷம் கட்டினார்கள் என்று என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நடித்தே காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஆள் உட்கார்ந்த பிறகு மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. பிரேக்கைப் போட்டு, முட்டியைத் தரையில் ஊன்றிக் குனிந்து கால் பலகையை இறக்கிவிட்டு, "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்பார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி அது, கேட்டே ஆக வேண்டும். கேட்பார், ஆனால் பதில் வருவதற்குள் வண்டி நகர்ந்திருக்கும்.

அவருடைய மனைவியை நான் முதன்முதலில் பார்த்தது அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்த சமயத்தில். மகள் இருப்பது தூரத்து ஊரில். மருமகனுக்கு மறுநாளே வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பச்சைப் பிள்ளையோடு அந்தப் பெண் தனியாகக் கிடப்பாள். அம்மா எப்போது வருவாய் என்று போனில் அழுதிருக்கிறாள். மருமகன் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைப் போட்டிருந்தார். தவறவிட்டால் காசும் திரும்பாது, வேறு விமானமும் அன்றைக்கு இல்லை. பைலட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, என் கவுண்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே இருக்கிற வாசல்தான், கூப்பிட்டதும் அனுப்பிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அவளிடமே கேட்டேன். வீட்டில் அவர் அப்படித்தான் என்றாள். வாயில் பூட்டு. சாப்பிடும்போது மட்டும் நாடகக் கோஷ்டிக் கதை வருமாம். அது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பேச்சு, அதனால் அவளும் சிரித்துச் சிரித்துக் கேட்பாளாம்.

காபி வாங்க எழுந்தாள். எழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி, மூச்சைப் பிடித்து, இடது காலைத் தரையில் ஊன்றாமல் எழுந்தாள். சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். டிக்கெட் போடும்போது மருமகனும் போனில் கேட்டாராம். பக்கத்தில் நின்ற பைலட், "நம்ம வீட்டுல நாடகக் கோஷ்டி யாரும் இல்ல, மாப்ள" என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இவளும், நான் நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். முட்டி வலி விஷயத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்துத் திரை மாறியது. எதிரே இருந்த வாசல் போய், கூடத்தின் கடைசியில் இருக்கிற வாசல் வந்தது. எனக்குக் காபிக்கு ஆள் சேர்ந்திருந்ததால் நானும் கவனிக்கவில்லை. ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத்தான் திரையைப் பார்த்தேன். சொன்னதும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் நன்றாகத்தான் நடந்தாள். பிறகு ஒவ்வொரு தூணாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் ஒரு தூணைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் பைலட்டுக்குப் போன் போட்டேன். கவுண்டரைப் பக்கத்துப் புத்தகக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்கும் அவர் காலி நாற்காலியோடு வருவதற்கும் சரியாக இருந்தது. தூரத்தில் வாசல் பெண் கடைசிப் பெயர்களைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் உட்கார மாட்டேன் என்கிறாள். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் மெதுவா வந்துடறேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். முகமெல்லாம் வேர்வை.

பைலட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேச்சு வராத ஆளுக்குக் கை தானாக வேலை செய்தது. பிரேக்கைப் போட்டார், குனிந்து கால் பலகையை இறக்கினார், பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வியும் வந்துவிட்டது.

"கால் வலிக்குதாம்மா?"

நாற்காலியில் யாரும் இல்லை. தள்ளிக்கொண்டு போக வழியில்லை. அதனால் பதில் வந்து சேர்ந்தது.

"வலிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"ஏன் சொல்லல?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். "சொன்னா நானும் உங்க நாடகக் கோஷ்டில ஒருத்தி ஆயிடுவேன். நாளைக்கு வேற யார் வீட்டுலயோ சாப்பிடும்போது சிரிப்பாங்க."

பைலட் முட்டி போட்டபடியே இருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. கூடச் சேர்ந்து சிரித்தவள்தானே நானும். விமானம் போய்விடும், அங்கே உங்கள் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான்தான் ஒரு அதட்டல் போட்டேன்.

அவள் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பயணிகளே காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொள்வார்கள். அவர் இரண்டு கையாலும் அவளுடைய இடது காலைப் பிடித்து, சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார்.

"எறங்கினதும் நான் ஓட மாட்டேன்" என்றாள் அவள். சிரிக்க முயற்சி செய்தாள்.

அவர் தள்ளிக்கொண்டு ஓடினார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் வாயிலிருந்து ஒரு அறிவிப்பும் வரவில்லை. வாசலுக்கு முன்னால் உள்ள இரும்புப் பட்டையில் வண்டி திடுக்கென்று தூக்கிப் போட்டது. தினமும் கடக்கிற பட்டை, அன்றைக்கு மறந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, கைப்பிடியில் இருந்த அவர் கைமேல் வைத்துக்கொண்டாள்.

வாசல் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். படி ஏற்றுகிற குறுகலான நாற்காலிக்கு அவளை மாற்றி, பைலட்டும் இன்னொருவரும் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்பக்கம் பிடிப்பவருக்குத்தான் பாரம் அதிகம். பைலட் பின்பக்கம் பிடித்திருந்தார். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினார். விமானத்தின் கதவு மூடியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்து நின்றார். தண்ணீர் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, அவரும் கொடுக்கிற நிலையில் இல்லை. பாட்டிலைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தினமும் சிரிச்சாளே" என்றார். "நான் சொல்றதுக்கெல்லாம் சிரிச்சாளே."

பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து அவர் கையில் திரும்பக் கொடுத்தேன்.

அதற்குள் அடுத்த ஆள் வந்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட பருத்த அம்மா, மாதம் தவறாமல் பயணம் போகிறவள். நாடகக் கோஷ்டிக்கே தலைவி என்று பைலட் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியவள் இவள்தான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தாள்.

பைலட் பிரேக்கைப் போட்டார். குனிந்து கால் பலகையை இறக்கினார். "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி முட்டி போட்டே இருந்தார்.

அந்த அம்மா திகைத்துப்போனாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு இடுப்பில் ஆரம்பித்து, குதிகால் வரைக்கும் எங்கெங்கே, எப்போதெல்லாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி நகரவில்லை.