அம்மா சொல்லாத வரி

இன்று மாதா கோயில் காலைப் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்ற வரி வந்ததும் பக்கத்தில் நின்ற பெண் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

எண்பதுகளில், முல்லைத்தீவுக் கரையில், என் அம்மாவும் அப்படித்தான். ஐயா, என் அப்பா, புதிதாக வாங்கிய மீன் வலையைப் பக்கத்து வளவுச் சூசை மாமா மூன்று இடத்தில் வெட்டிப்போட்டார். அன்றிலிருந்து மாலைச் செபத்தில் அந்த வரிக்கு அம்மாவின் குரல் நின்றுவிடும். மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்குள் நான் தனியாக அதைச் சொல்வேன்.

ஆனால் சூசை மாமாவின் மனைவி உப்புக் கேட்டு வந்தால் அம்மா சிரட்டை நிறையக் கொடுப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனம்மா குடுக்கிறியள்?"

"கேட்டால் குடுக்கச் சொன்னவர் ஆண்டவர், குடுக்கிறன். மன்னிச்சிட்டன் எண்டு அவருக்குப் பொய் சொல்ல என்னால ஏலாது."

அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. நானும் வாயை மூடப் பழகினேன். கோயிலில் அந்த வரி வரும்போதெல்லாம், ஆண்கள் பக்கம் நிற்கும் சூசை மாமாவை முறைப்பேன். அவர் வெட்கப்பட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வரியில் அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவருடைய வாயும் மூடியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "அவருக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"அது வேற கதை. கெதியா நட."

பக்கத்துப் பெண் நிறுத்தியது இன்று எனக்குத் தெளிவாகவே கேட்டது. நானும் நிறுத்தியிருந்தேன். சூசை மாமா செத்தே இருபது வருடமாகிறது.