தரையில் ஒரு தொட்டில்

முகப்பவுடரைப் போல விரலிடுக்கில் வழுக்கி ஓடும் அந்த மண்ணின் நறநறப்பு, காற்றுக் காலத்தில் சோற்றோடு சேர்ந்து பல்லில் அரைபடும்போதுதான் தெரியும். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் தொழிலாளர் ‘லைன்’ வீடுகளுக்குப் பின்னால் குன்றாகக் கிடந்த அதை, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு என்றெல்லாம் யாரும் நீட்டி முழக்கியதில்லை. ‘சைனைட் மேடு’ என்போம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அதில் சறுக்கி விளையாடுவோம், அம்மா அதை அள்ளிவந்து பாத்திரம் தேய்ப்பாள். அந்தப் பெயரில் விஷம் இருப்பது எங்கள் யாருக்கும் உறைத்ததே இல்லை.

சுரங்கத்தை மூடிய சில மாதங்களில், பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. எங்கள் வீட்டில் விசேஷத்தை முடித்து, பிரசவத்துக்கு அவளை எங்களிடமே விட்டுவிட்டுப் போவதாகச் சம்பந்தி வீட்டாரோடு பேச்சு. கூடத்தை ஒட்டிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருந்தோம். வேலை போன நாளிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த அப்பா, அந்த ஆவணியில்தான் மறுபடி மனுஷனானார். சுரங்கத்தில் வெடி வைக்கும் ஒயரின் சிவப்பையும் மஞ்சளையும் பின்னிக் கிலுகிலுப்பை செய்தார். அம்மா பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் குட்டி மெத்தை செய்தாள். “ஷிஃப்ட்டு இல்லாத மனுஷன் இன்னா பண்றாரு பாரு, பேரப்புள்ளைக்கு நைட் ஷிஃப்ட்டு பாக்குறாரு” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்துத் தரையில் அப்பா ஒரு தொட்டில் வரைந்தார். மேட்டு மண்ணை அம்மாவின் மெல்லிய புடவையில் சலித்து, சாயம் கலந்து, நிழலில் உலர்த்திக் கோலப்பொடியாக்கியது நானும் அவரும்தான். கயிறும் கிளியும் குஞ்சமுமாக, தொட்டால் ஆடிவிடும்போல இருந்தது அந்தத் தொட்டில். அதற்கு நடுவில் மணை போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். முழங்கை வரை வளையல் ஏறியது. அப்போது அக்காவின் மாமியார் குனிந்து பார்த்து, உண்மையாகவே வியந்து கேட்டார்:

“இவ்ளோ நைசா இருக்குதே, எந்தக் கடைல வாங்குனீங்க சம்பந்தி?”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“கடையா? கடைல இன்னாங்க கிடைக்கும்? நம்ம சைனைட் மேட்டு மண்ணுங்க இது. மூணு தரம் சலிச்சேன்.”

வளையல் போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. “சைனைடா?” என்றது ஒரு குரல். நாங்கள் எல்லாரும் இதிலேயே புரண்டு வளர்ந்தவர்கள், ஒன்றும் செய்யாது என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். பாதியில் அவருக்கு வழக்கமான சுரங்கத்து இருமல் வந்து, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மாமியார் அவரையே பார்த்தார். பிறகு அக்காவைத் தூக்கி நிறுத்தி, வாசலுக்கு அழைத்துப் போய், ஒரு குடம் தண்ணீர் வாங்கி அவள் பாதங்களைத் தன் கையாலேயே கழுவினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மொதப் புள்ள. எங்களோடவே இருக்கட்டும்.”

திட்டியிருந்தால் நாங்களும் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. சாயம் ஏறியிருந்த என் கைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்; அத்தனை அவமானம். எங்கள் வீடு, எங்கள் தெரு, எங்கள் உடம்பு எல்லாமே கழுவ வேண்டியவை என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டதாகத் தோன்றியது. அவர்கள் வந்த வேன் அக்காவோடு கிளம்புமுன்பே அம்மா தொட்டிலைப் பெருக்கி முறத்தில் அள்ளிவிட்டாள். கிலுகிலுப்பையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்துப் போகவும் இல்லை.

பிரசவம் பெங்களூரில் நடந்தது. பிறந்த பேத்தி, மேட்டு மண் பறக்கும் காற்றுக் காலத்தில் ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

போன மாதம் அந்தப் பேத்திக்கு, பெங்களூரில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு. இப்போது மேட்டில் புதர் மண்டிக் கிடக்கிறது, சறுக்க ஒரு பிள்ளையும் போவதில்லை. அப்பா காலை ரயிலேறி ஒரு பையோடு வந்திருந்தார். பலூன் தோரணத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்த கோலப்பொடியால் அதே தொட்டிலை வரைந்தார். கிளிகூட அப்படியே இருந்தது. அக்காவின் மாமியார், பாவம், அவருக்கும் வயதாகிவிட்டது, மெல்ல நடந்து வந்து பார்த்தார். முகம் மலர்ந்து, என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அப்பா சிரமப்பட்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

“கடைல வாங்குனதுங்க சம்பந்தியம்மா. இந்த ஊர்லதான். பில்லு இருக்குது, பாருங்க.”